பிள்ளையின் அகதிக் கேஸை நிறுத்தி வைத்துவிட்டார்களா? வன்னியில் இருந்துகொண்டு நீங்கள் செய்ய வேண்டியவை

கிளிநொச்சியில் படிவம் நிரப்பி, கடிதமும் சத்தியக் கடதாசியும் தட்டச்சுச் செய்து கொடுப்பது என் வேலை. விசுவமடு, மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாமாரிடம் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, பிள்ளையின்ர கேஸை நிப்பாட்டிப் போட்டாங்களாம். வேர்க் பேர்மிட்டும் வரேல்லையாம். இனி என்ன செய்யிறது?"

வெளிநாட்டு அரசு எடுத்த முடிவை நாம் இங்கிருந்து மாற்ற ஏலாது. ஆனால் அந்தக் கேஸுக்கு வேண்டிய கடதாசிகளில் பெரும்பங்கு வன்னியில்தான் கிடக்கிறது. அவற்றைத் தேடித் தரக்கூடிய ஆட்களோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். 2009இல் உங்கள் கிராமத்தில் இருந்த விதானையார், அதாவது கிராம அலுவலர், ஓய்வு பெற்றிருப்பார். காயத்துக்கு மருந்து கட்டிய டொக்டர் மாறிப் போயிருப்பார். கேஸ் நிற்கிற காலத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்துங்கள். முதல் தடவையாக இந்தச் சிக்கலில் மாட்டிய குடும்பங்களுக்காக, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. எது நின்றது என்று கேளுங்கள்

"கேஸ் நிக்குதோ?" என்று கேட்டால் பிள்ளை "ஓம், நிக்குது" என்று மட்டும் சொல்லுவான். அது போதாது. நேர்காணலுக்குக் கூப்பிடுவது நின்றதா, நேர்காணல் முடிந்த பிறகு முடிவு எழுதுவது நின்றதா, வேலை அனுமதி கொடுப்பது நின்றதா, அல்லது நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது நின்றதா? நாலுக்கும் நாலு விதமாகத்தான் ஆயத்தப்பட வேண்டும்.

எங்கள் சனத்துக்கு இந்த நிறுத்தம் புதிதும் இல்லை. 2010 ஏப்ரல் 9ஆம் திகதி அவுஸ்திரேலியா புதிதாக வரும் இலங்கையரின் அகதிக் கோரிக்கைகளை 3 மாதத்துக்கும், ஆப்கானியரின் கோரிக்கைகளை 6 மாதத்துக்கும் பரிசீலிப்பதில்லை என்று அறிவித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இன்னும் சனம் இருந்தது. இலங்கையருக்கான அந்த நிறுத்தம் ஜூலை 6ஆம் திகதி நீங்கியது. 2013 செப்ரெம்பரில் சுவிஸ் அறிவித்த நிறுத்தம் வேறு வகை. திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் இரண்டு பேர் இங்கே கைதானதும், தமிழரைத் திருப்பி அனுப்புவதை அது நிறுத்தி வைத்தது. அந்த நிறுத்தம் பிள்ளைகளுக்கு நிழலாக இருந்தது. 2024 டிசம்பர் 8ஆம் திகதி சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்ததும் பிரித்தானியாவும் ஜேர்மனியும் சிரியரின் கோரிக்கைகளில் முடிவெடுப்பதை நிறுத்தின. அதற்கும் லண்டனில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் போனில் வந்த அரைச் செய்தியைப் பார்த்துவிட்டு அந்தக் கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து அழுத தாய்மார் உண்டு.

அமெரிக்க நிறுத்தத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 26ஆம் திகதி வாஷிங்டனில் தேசியக் காவற்படையினர் இருவர் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து குடிவரவு விண்ணப்பங்களைக் கையாளும் யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற திணைக்களம், தன்னிடம் இருக்கும் அகதிக் கோரிக்கைகளில், எந்த நாட்டவராக இருந்தாலும், முடிவு சொல்வதை நிறுத்தியது. டிசம்பர் 2ஆம் திகதி அது எழுத்து அறிவுறுத்தலாகவும் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அறிவுறுத்தல் அந்தத் திணைக்களத்தின் மேசையில் உள்ள பைல்களுக்குத்தான். குடிவரவு நீதிமன்றங்கள் வேறு அமைச்சின் கீழ், நீதித் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. மெக்சிக்கோ எல்லையால் போய்ப் பிடிபட்ட பிள்ளைகளின் கேஸ் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் இருக்கும். "கேஸ் நிக்குது" என்று நம்பி அவன் தவணைக்குப் போகாமல் விட்டால், ஆள் இல்லாமலே நாடுகடத்தல் கட்டளை எழுதிவிடுவார்கள்.

ஆகவே பிள்ளைக்குக் கடைசியாக வந்த கடிதத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கேஸ் என்றால் "ஏ" எழுத்தோடு தொடங்கும் 9 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைப் போட்டு நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியிலும் இணையப் பக்கத்திலும் அடுத்த தவணையை அவனே பார்க்கலாம். அந்த எண்ணை ஏஜென்சிக்காரருக்கோ, "நான் கேட்டுச் சொல்லுறன்" என்று வருகிறவருக்கோ கொடுக்க வேண்டாம். நிறுத்தம் இன்றைக்கு எந்த நிலையில் என்பதையும் அவன் தன் லோயரிடம்தான் கேட்க வேண்டும்.

2. நிறுத்தத்திலும் ஓடிக்கொண்டிருப்பவை

முடிவு நின்றாலும் கெடுக்கள் நிற்பதில்லை. நான் பார்த்தவற்றில் கேஸ் கெட்டுப்போனது அதிகம் இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் வீடு மாறினால் நீதிமன்றத்துக்கு 5 நாளுக்குள்ளும் யு.எஸ்.சி.ஐ.எஸ்.க்கு 10 நாளுக்குள்ளும் புதிய முகவரி கொடுக்க வேண்டும். ஒரு இடத்துக்குக் கொடுத்தால் மற்ற இடத்துக்குத் தானாகப் போகும் என்று நினைக்கக்கூடாது. நாட்டுக்குள் வந்து 1 வருடத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. "இப்ப நிப்பாட்டியிருக்கிறாங்கள், பிறகு போடுவம்" என்று காத்திருந்தால் அந்த வருடம் கடந்துவிடும். 2025இல் வந்த புதிய சட்டத்தால், கோரிக்கை தீராமல் கிடக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கட்டணமும் வந்திருக்கிறது, தொடக்கத்தில் அது 100 டொலர். அறிவித்தல் வந்தால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிரித்தானியாவில் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகும் நாள் குறித்துத் தந்திருந்தால், கேஸ் எவ்வளவு காலம் நின்றாலும் அந்த நாளுக்குப் போகத்தான் வேண்டும்.

3. வேர்க் பேர்மிட்

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவில் கோரிக்கை பதிந்து 150 நாள் கழிந்த பிறகே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 180 நாள் ஆகாமல் தரமாட்டார்கள் என்பதுதான் பல வருடமாக இருந்துவரும் விதி. பிள்ளையே தவணை கேட்டு இழுத்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. ஏற்கெனவே அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு 2025இல் இரண்டு மாற்றம் வந்தது. முன்பு புதுப்பிக்கப் போட்டுவிட்டால், பதில் வரும்வரை, கூடினது 540 நாளுக்கு, பழைய அட்டை தானாக நீண்டுகொண்டிருந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதியிலிருந்து போடும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. டிசம்பர் 5ஆம் திகதியிலிருந்து அகதிக் கோரிக்கையாளரின் புதிய அட்டைகளை 5 வருடத்துக்குப் பதிலாக 18 மாதத்துக்குத்தான் தருகிறார்கள். முடிகிற திகதிக்கு 180 நாள் இருக்கும்போதிருந்தே புதுப்பிக்கப் போடலாம் என்பதால், அந்த நாளை நீங்களும் இங்கே கலண்டரில் குறித்து வையுங்கள்.

பிரித்தானியாவில் தன் பிழையில்லாமல் 12 மாதம் முடிவு வராதிருந்தால்தான் வேலை அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். பிரான்சில் அகதிக் கோரிக்கைகளைப் பார்க்கும் ஒப்ரா என்ற அலுவலகம் 6 மாதத்துக்குள் பதில் தராவிட்டால் கேட்கலாம். கனடாவில் கோரிக்கைப் படிவத்திலேயே கேட்டு, மருத்துவப் பரிசோதனையும் முடித்தால் பரிசீலிப்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வட்டிக்கு எடுத்த காசும் அடகில் இருக்கிற நகையும் உங்களை நித்திரை கொள்ள விடாது என்று தெரியும். ஆனால் அட்டை முடிந்த பிள்ளையை "எங்கேயாவது களவா வேலை செய்து அனுப்பு" என்று நெருக்க வேண்டாம். பிடிபட்டால் கேஸும் சேர்ந்து ஆடும். அதைவிடக் கடன் தந்தவரிடம் நேரே போய், பேர்மிட் வரும்வரை வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்று பேசி, பேசியதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு தகராறு வரும்.

4. கடதாசிகள்

உங்கள் சொப்பின் பையில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். எதையும் எறிய வேண்டாம். போன மாதம் ஒரு தாய் கொண்டுவந்த பையில் மெனிக் பாம் குடும்ப அட்டை ஒன்று இருந்தது. மடித்த இடத்தில் கிழிந்து, ஒரு மூலையில் சேற்றுக்கறை. உள்ளே பெயர்கள் ஆங்கிலத்தில், பக்கத்தில் சிங்களத்தில் ஏதோ கையெழுத்து, எந்த முகாம், எந்தக் கூடாரம் என்ற எண். "இது குப்பை, தம்பி. பிறப்புச் சான்றிதழ் மட்டும் பாருங்கோ" என்றார் அவர். அந்தக் குப்பைதான் அவருடைய மகன் 2009 மே மாதத்தில் எங்கிருந்து வந்தான் என்பதைக் காட்டும் ஒரே அரச கடதாசி.

பழைய கடதாசியை லெமினேட் செய்ய வேண்டாம். என் சொந்தத் தம்பியின் பிறப்புச் சான்றிதழைப் பாதுகாக்கிறேன் என்று நினைத்து நான் அதைச் செய்தேன். அங்கே அதைச் சோதித்தவர்கள் கடதாசியையும் மையையும் தொட்டுப் பார்க்க ஏலாது என்று ஏற்கவில்லை. இரண்டாவது பிரதி எடுத்து அனுப்பும்வரை அவனுக்கு அது ஒரு பெரிய கவலையாக இருந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் உறையில் மடிக்காமல் வைத்தால் போதும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், பிறப்புப் பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் பிரதி கேளுங்கள். இடப்பெயர்வில் பதிவேடு தொலைந்துவிட்டது என்று சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் உள்ள மறுபிரதியில் தேடித்தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் இல்லை என்று எழுதி வாங்கி, காலங்கடந்த பதிவுக்கோ அனுமான வயதுச் சான்றிதழுக்கோ போங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, முகாம் அட்டையில் சிங்களத்தில் கேட்டு எழுதிய வேறு எழுத்து, பாஸ்போட்டில் மூன்றாவது. அங்கே இருக்கிற அதிகாரிக்கு அது மூன்று ஆள். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, மூன்றின் போட்டோக் கொப்பியையும் அதோடு கோர்த்துவிடுங்கள். பிறந்த திகதி வித்தியாசப்பட்டால் அதையும் அதிலேயே சொல்லி, எது சரி, மற்றது ஏன் வந்தது என்று எழுதுங்கள்.

விதானையாரிடம் போகும்போது "வதிவிடச் சான்றிதழ்" என்று மட்டும் கேட்டால், வசிக்கிறார், நன்னடத்தை உள்ளவர் என்று இரண்டு வரி கிடைக்கும். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இந்தக் கிராமத்தில் பதிவு, எப்போது இடம்பெயர்ந்தார், எப்போது மீளக்குடியமர்ந்தார் என்று பதிவேட்டில் உள்ளதைக் குறிப்பிட்டுத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அவர் தன் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுவார், அது சரிதான். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். பழைய வாக்காளர் இடாப்பின் பிரதியும் நல்ல சாட்சி.

போர் முடிந்த பிறகு தடுப்பில் இருந்தவர்கள் புனர்வாழ்வு முடிந்து வெளியே வரும்போது கொடுத்த விடுதலைக் கடிதத்தைத் தேடுங்கள். தடுப்பில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, அதாவது ஐ.சி.ஆர்.சி., வந்து பார்த்துப் பதிந்திருந்தால், தடுத்து வைக்கப்பட்டதற்கு அவர்கள் சான்றுக் கடிதம் தருவார்கள். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் வழக்கிலக்கத்தைச் சொல்லி, பதிவாளரிடம் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அது சட்டத்தரணி மூலம் செய்தால் லேசு.

செல் காயம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி அட்டையைத் தேடுங்கள். புதுமாத்தளனிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பதிவு அங்கே அப்போது இயங்கிய மரத்தடி ஆஸ்பத்திரியில் இராது, அவர்களை இறக்கிய பக்கத்து ஆஸ்பத்திரியிலோ பிறகு மாற்றிய ஆஸ்பத்திரியிலோ இருக்கும். அரச ஆஸ்பத்திரியோ கச்சேரியோ வாய்ப்பதிலோடு அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். இல்லை என்ற பதிலும் ஒரு கடதாசிதான்.

குடும்பத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர் இருந்தால் நீங்கள் எத்தனை இடத்தில் மனுக் கொடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2014 ஜனவரியில் கிளிநொச்சியில் அமர்ந்த காணாமற்போனோர் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, பொலிஸ் முறைப்பாடு, 2018க்குப் பிறகு காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு தந்திருப்பார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடங்கிய கந்தசுவாமி கோவிலடிப் போராட்டத்தில் நீங்கள் இருந்தால், அதற்காக யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்திருந்தால், அதுவும் பிள்ளையின் கேஸுக்குப் பொருத்தமாக இருக்கலாம். லோயரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

5. உங்கள் வாக்குமூலம்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். தாயின் சத்தியக் கடதாசி பலமான சாட்சி. ஆனால் பிள்ளை நேர்காணலில் சொன்னதை வாங்கி அப்படியே பார்த்து எழுதினால் பலமே பலவீனமாகும். நீங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள். காணாததை "மகன் பிறகு சொன்னான்" என்றே எழுத வேண்டும்.

திகதி ஞாபகமில்லை என்று வெட்கப்படத் தேவையில்லை. யாருக்கு அந்த நாட்களில் கலண்டர் இருந்தது? நான் இப்படிக் கேட்பேன்: "அம்மா, அது கிளிநொச்சி விட்டதுக்கு முதலோ பிறகோ?" கிளிநொச்சி ஆமியின் கைக்குப் போனது 2009 ஜனவரி 2. "ஆனந்தபுரம் சண்டைக்கு முதலோ?" அது ஏப்ரல் முதற் கிழமை. "மாத்தளனில் அணை உடைஞ்சு சனம் வெளியில வந்த அண்டைக்கோ?" அது ஏப்ரல் 20. இப்படி நாலு கேள்வியில் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அப்போதும் "2009 மார்ச் மாத நடுப்பகுதியளவில்" என்று எழுதுவோமே தவிர, தெரியாத திகதியை அடித்துச் சொல்ல மாட்டோம். பிள்ளை ஒரு திகதியும் தாய் இன்னொரு திகதியும் அடித்துச் சொன்ன கேஸ்களில் அந்த ஒரு வித்தியாசத்தையே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப்படுத்தலாம். பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளுக்கு அந்த நாட்டிலேயே செய்வது நல்லது.

6. செய்யக்கூடாதவை

கேஸ் நிற்கும் காலத்தில்தான் கள்ளக் கடதாசி விற்பவர்கள் வீடு தேடி வருவார்கள். பிடியாணை, பொலிஸ் அழைப்பாணை, பெரிய மனிதரின் கடிதம் என்று விலை சொல்லுவார்கள். வேண்டவே வேண்டாம். வழக்கிலக்கத்தையும் முத்திரையையும் அங்கே சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய்யான கோரிக்கை போட்டார் என்று தீர்த்தால், அதற்குப் பிறகு அந்த நாட்டில் எந்தக் குடிவரவு நன்மையையும் வாழ்நாளுக்கும் கேட்க முடியாது. உண்மையாகவே அடிபட்டு, உண்மையாகவே தடுப்பில் இருந்த பிள்ளையின் கேஸை ஒரு பொய்க் கடதாசி விழுத்திவிடும்.

"நிறுத்தத்தை எடுத்துத் தாறன், காசு கட்டுங்கோ" என்பவரை நம்ப வேண்டாம். ஒரு அரசின் கட்டளையைக் காசு கொடுத்து ஒரு ஆளுக்கு மட்டும் நீக்க எந்த லோயராலும் ஏலாது.

பிள்ளை இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் பாஸ்போட் புதுப்பிக்கவோ சான்றிதழ் எடுக்கவோ லோயரைக் கேட்காமல் போகக்கூடாது. சொந்த அரசுக்குப் பயம் என்று சொல்லும் ஒருவர் அதே அரசின் கதவைத் தட்டினால், பயமில்லை என்று எழுதிவிடுவார்கள்.

ஊரில், பிள்ளை அசூல் அடித்திருக்கிறான், அதாவது அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறான் என்று தேவையில்லாத இடத்தில் சொல்ல வேண்டாம். கடதாசி எடுக்கும்போது "வெளிநாட்டுத் தேவைக்கு" என்றால் போதும். சீருடை இல்லாமல் சிவிலில் யாராவது வந்து விசாரித்தால் வந்த நாள், நேரம், எத்தனை பேர், என்ன கேட்டார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். அழைப்பாணை தந்தால் அதன் மூலத்தை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள். பயமுறுத்தல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், வவுனியாவில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

7. அனுப்புவது

எல்லாவற்றையும் நிறத்தில் ஸ்கான் செய்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், முதலில் பிள்ளைக்கு அனுப்புங்கள். மூலத்தை லோயர் கேட்டால் மட்டும் கூரியரில் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த உறையும் ரசீதும், கடதாசி வன்னியிலிருந்து வந்தது என்பதற்கு அங்கே சாட்சியாகும்.

பிறகு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில் பிள்ளையின் கேஸ் இலக்கம், எந்த அலுவலகம், லோயரின் பெயர், அடுத்த தவணை, வேர்க் பேர்மிட் முடியும் திகதி. அடுத்த பக்கங்களில் நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு கடதாசியும் அனுப்பிய நாளும். நிறுத்தம் நீங்கினால் நேர்காணலுக்குக் குறுகிய நாளில் கூப்பிடக்கூடும், அப்போது தேடிக்கொண்டு நிற்க நேரம் இராது. தவணைக்கு ஒரு கிழமை முந்தி, அவன் எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்களே எடுத்துக் கேளுங்கள்: "அப்பன், லோயரோட கதைச்சியா? அட்ரஸ் சரியாக் குடுத்திருக்கிறியா?" அதற்குப் பிறகு, சாப்பிட்டானா என்று கேளுங்கள்.